அடுத்தவர் பெயரில் வாங்கிய மாத்திரை

அந்த வரிசையில் சசிரேகாவுக்கென்று ஓர் இடம் கிடையாது. மற்ற முப்பத்தெட்டுப் பெண்களுக்கும் இடம் உண்டு, இடத்துக்கு எண் உண்டு, தலைக்கு மேலே அந்த எண் எழுதிய தகடு தொங்கும். யாராவது ஒருத்தி கையைத் தூக்கினால் சசிரேகா ஓடிப்போய் அவள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கை தூக்கியவள் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவித் திரும்புகிறவரை அவளுடைய வேலையைச் செய்ய வேண்டும். இதற்கு ரிலீவர் என்று பெயர்.

இருங்காட்டுக்கோட்டைக்கு உள்ளே, காருக்குள் ஓடுகிற மின்கம்பிகளை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுக்கிற தொழிற்சாலை அது. கதவளவு பெரிய பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். பலகையில் அடித்த முளைகளில் கம்பிகளை வளைத்துப் போட்டு, கிளிப் மாட்டி, கறுப்பு டேப் சுற்ற வேண்டும். ஒரு பலகை ஓர் ஆளைக் கடக்க நூறு நொடி. அதற்குள் முடிக்காவிட்டால் அடுத்த பலகை வந்து இடுப்பை இடிக்கும்.

முப்பத்தெட்டு இடத்து வேலையும் சசிரேகாவின் கைக்குத் தெரியும். எவள் டேப்பை இடதுபுறமாகச் சுற்றுவாள், எவள் கிளிப்புகளைப் பெட்டிக்கு வெளியே கொட்டி வைப்பாள் என்பதுகூடத் தெரியும். ஆனால் அவள் கை தூக்கினால் வந்து நிற்க ஆள் இல்லை. அதனால் காலையில் வேலைக்கு வந்ததிலிருந்து மதியச் சாப்பாடுவரை அவள் தண்ணீர் குடிப்பதில்லை. ஏழு வருடமாக இதுதான் பழக்கம். அதை யாரிடமும் குறையாகச் சொன்னதும் இல்லை.

மாத்தூரில் பிறந்து மாத்தூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். கணவன் கன்னியப்பன் லாரி ஓட்டுகிறான், வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டில் இருப்பான். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தவறியதால் லைன் லீடர் பதவிக்கு அவள் பெயர் ஒருமுறையும் மேலே போகவில்லை. இத்தனைக்கும் நாள் முழுக்க அவள் படிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். கம்பியின் நுனியில் உள்ள எழுத்தும் பலகையில் ஒட்டிய எழுத்தும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பாள். அந்த எழுத்துகள் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று தெரியாது. இரண்டும் ஒன்றா இல்லையா என்பதில் மட்டும் அவள் கண் தவறியதில்லை.

காலியாக ஓர் இடத்தைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. இதைப் பெருந்தன்மை என்று உடனே சொல்லிவிட வேண்டாம். ஏழு வருடம் ஒரே காரியத்தைச் செய்த உடம்பு யோசிக்காமலே நகர்ந்துவிடும். அப்படி யோசிக்காமல் நகர்ந்துதான் அவள் அந்த ஏற்பாட்டையும் தொடங்கினாள்.

தொழிற்சாலையின் முதலுதவி அறையில் ஒரு நோட்டு உண்டு. மாத்திரை வாங்குகிறவர்கள் அதில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சியில் இருக்கும் பெண்ணின் பெயர் ஒரே மாதத்தில் மூன்றுமுறை அதில் வந்தால் அந்தப் பக்கம் மேலே அலுவலகத்துக்குப் போகும். பயிற்சி இன்னும் ஆறு மாதம் நீளும். இப்படி ஒரு விதி எழுதி ஒட்டப்பட்டதை யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும், இரண்டு பேருக்கு நடந்தும் இருக்கிறது.

மூன்றாவதாக ஒருத்திக்கு நடக்க இருந்தபோதுதான் சசிரேகா சொன்னாள்: "ஜொரம் உனுக்கு. கையெழுத்து எனுக்கு. தலவலின்னு சொல்லி நான் வாங்கியாரேன், நீ போட்டுக்கோ. இன்னா இப்போ?" வரிசையே சிரித்தது. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. உடம்பு சரியில்லாதவள் தன் இடத்தில் நிற்பாள். நன்றாக இருப்பவள் போய்த் தலையைப் பிடித்துக்கொள்வாள்.

முதலுதவி அறையில் இருந்தவர் செங்கமலம். வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிற நர்ஸ். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரைதான். அட்டையில் ஒன்றைக் கத்தரித்து, வெள்ளைத் தாளில் மடித்துக் கொடுப்பார். கொடுக்கும் முன் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "வேற ஏதாச்சும் மாத்திர சாப்ட்டியாம்மா? சளிக்கு, இருமலுக்கு?" கேட் வாட்ச்மேன் பையைத் தடவிப் பார்ப்பதுபோல அதுவும் ஒரு சடங்கு என்றுதான் சசிரேகா நினைத்திருந்தாள். "இல்ல சிஸ்டர்" என்பாள். அதில் பொய்யே இல்லை. அவள் எந்த மாத்திரையும் சாப்பிட்டிருக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு டிசம்பர். மழை விட்டு, சாலையோரப் பள்ளங்களில் தேங்கிய நீர் பச்சையாகியிருந்தது. வரிசையில் பாதிப் பேருக்கு இருமல். பதினேழாம் இடத்தில் நின்ற பூமாரிக்குக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருபத்தொரு வயது. இருங்காட்டுக்கோட்டையில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். இரண்டு வருடப் பயிற்சி முடிய அவளுக்கு இன்னும் ஒன்பதே நாள். அந்த மாதம் நோட்டில் அவள் பெயர் ஏற்கெனவே இரண்டுமுறை வந்துவிட்டது.

"இன்னாடி பதினேழு, மூஞ்சி வீங்கிப் போயி கீது?" என்றாள் சசிரேகா. அது செவ்வாய்க்கிழமை மதியம்.

"சளிக்கா. நேத்து ஸ்ரீபெரும்புதூர்ல டாக்டர்ட்ட காட்டிட்டேன். மாத்தரயும் மருந்துத் தண்ணியும் எழுதித் தந்தாரு."

"ஜொரத்துக்கு?"

"அவரு சளிக்கும் இருமலுக்கும்தாம்க்கா எழுதுனாரு. காச்சலுக்கு ஒண்ணும் தரலன்னுதான் நெனைக்கேன்."

"நெனைக்கேனாம்! நெனச்சிக்கினே நில்லு. நான் வாங்கியாரேன்."

அன்று மதியம் சசிரேகா ஒன்று வாங்கி வந்தாள். சற்று நேரத்தில் செல்வலட்சுமி ஒன்று. பூமாரிக்கு முடியவில்லை என்பது வரிசை நெடுகப் பரவியது. புதன்கிழமை காலையில் யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. அவரவருக்கு வாய்த்த நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவரவர் செங்கமலத்தின் கேள்விக்கு உண்மையைச் சொன்னார்கள், பதினேழாம் இடத்தைக் கடக்கும்போது வெள்ளைத் தாளைக் கிளிப் பெட்டியில் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

பதினொரு மணிக்குப் பூமாரி கை தூக்கினாள். சசிரேகா ஓடினாள். பூமாரி சுவரைத் தொட்டபடி கழிப்பறைப் பக்கம் போனாள்.

முதல் பலகை முடிந்தது. இரண்டாவதற்கு வெள்ளைக் கிளிப் எடுக்கப் பெட்டியில் கையை விட்டபோது தாள் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். ஒன்றல்ல, நான்கு தாள்கள். நான்கிலும் மாத்திரை இல்லை, கிழிந்த வெள்ளி உறைத் துண்டுகள்தான் இருந்தன. அடியில் பச்சை அட்டை ஒன்று. மருந்துக் கடையில் வெட்டிக் கொடுத்தது. பூமாரியின் சளி மாத்திரை.

ஏன் அதைச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கை டேப்பைச் சுற்றிக்கொண்டிருக்க, கண் பழக்கத்துக்கு எழுத்துகளை ஒப்பிட்டது. வெள்ளி உறையின் ஒரு துண்டில் பெயரின் முன்பாதி இருந்தது, இன்னொன்றில் பின்பாதி. இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். பச்சை அட்டையில் பொடி எழுத்தில் நான்கு வரிகள். முதல் வரி அதே பெயர். பக்கத்தில் அதே ஐந்நூறு.

மறுபடி பார்த்தாள். ஒன்றுதான்.

டாக்டர் காய்ச்சலுக்குத் தராமல் இல்லை. சளி மாத்திரைக்குள்ளேயே வைத்துத் தந்திருக்கிறார். செங்கமலம் ஏழு வருடமாக எதற்காக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கேள்வி சரியான கேள்விதான். விழுங்குகிற வாயை அது ஒருநாளும் எட்டியதில்லை. எட்டாமல் பார்த்துக்கொண்டவள் அவளேதான்.

மூன்றாவது பலகை வந்தது. நான்காவது வந்தது. பூமாரி வரவில்லை. போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் பதினேழாம் இடத்தை விட்டு நகர்ந்தால் கிளிப் இல்லாத பலகை பதினெட்டுக்குப் போகும். கையைத் தூக்கிப் பயனில்லை, தூக்கினால் வர வேண்டியவள் அவள். ஐந்தாவது பலகை. எதிரே செல்வலட்சுமி, "இன்னாக்கா, பதினேழு அங்கியே தூங்கிட்டாளா?" என்று சிரித்தாள். சசிரேகாவின் கைகள் டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தன. நிறுத்தச் சொன்னால் கைகள் கேட்காது போலிருந்தது.

தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடுகிறது. அதை இழுத்தால் வரிசை நிற்கும். ஏன் நின்றது என்று கரும்பலகையில் எழுத வேண்டும். ஏழு வருடத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. ஆறாவது பலகை இடுப்பில் இடித்தபோது இழுத்தாள்.

விளக்கு சுழன்றது. பொம்மைக் கடையில் கேட்பதுபோல ஒரு மெட்டு ஒலித்தது. சூப்பர்வைசர் சிவசங்கர் ஓடிவந்தான். குன்றத்தூர்ப் பையன், அவளைவிட எட்டு வயது சின்னவன்.

"யாரு இழுத்தது?"

"நான்தான்."

"நீயாக்கா? இன்னா, டேப் தீந்துச்சா?"

"பூமாரி டாய்லெட்ல கீறா, வரல. நான் போயி பாக்கணும். இங்க யாரையாவது நிக்க வை."

"ஆளுக்கு நான் எங்க போவேன்? சரி, போர்டுல இன்னான்னு எழுதறது?"

"ரிலீவருக்கு ரிலீவர் இல்லன்னு எழுது. நீயே நில்லு இங்க."

அவன் நின்றான். முதல் சுற்றிலேயே டேப் விரலோடு ஒட்டிக்கொண்டது. பெண்கள் சிரிப்பது கழிப்பறை வாசல்வரை கேட்டது.

பூமாரி கை கழுவும் தொட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வியர்வை. தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருந்தது.

"வாந்திக்கா. வெறும் தண்ணிதான் வருது. ஆனா காச்சல் எறங்கிட்டு, பாத்தீங்களா? இப்ப நல்லாத்தான் இருக்கேன்."

"காலீல இன்னா துன்ன?"

"ஒண்ணும் எறங்கல. நேத்தும் எறங்கல."

"எத்தினி மாத்தர போட்ட?"

"குடுத்ததெல்லாம் போட்டேன்."

"எல்லாமா? ஒண்ணு மேல ஒண்ணா? எதுக்குடி?"

பூமாரி அண்ணாந்து பார்த்தாள். "எனக்காகப் பொய் சொல்லி வாங்கிட்டு வாராங்க. போடாம எப்பிடிக்கா இருக்க?"

சசிரேகா அவள் தோளுக்கடியில் கை கொடுத்தாள். "எய்ந்திரு. சிஸ்டர்கிட்ட போலாம்."

"வேண்டாம்க்கா! மூணாவது கையெழுத்துக்கா. ஒம்பது நாளுதான் கெடக்கு."

இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

செங்கமலம் நாடி பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வேற ஏதாச்சும் மாத்திர சாப்ட்டியாம்மா?"

"இல்ல சிஸ்டர்," என்றாள் பூமாரி.

அத்தனை பேர் அந்த அறையில் சொன்ன அதே பதில். இந்த ஒருமுறைதான் அது பொய்.

மேசைமேல் நோட்டு திறந்து கிடந்தது. சசிரேகா, தலைவலி. செல்வலட்சுமி, தலைவலி. அதற்குக் கீழே இன்றைய தேதியில் நான்கு பெயர்கள், நான்கு தலைவலிகள். சசிரேகாவின் ஏப்ரன் பையில் வெள்ளி உறைத் துண்டுகள் இருந்தன. அவற்றை எடுத்து வைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. வைக்காவிட்டால், உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பூமாரி பதினேழாம் இடத்துக்குத் திரும்பிவிடுவாள். ஒன்பது நாளும் ஓடிவிடும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று சசிரேகாவுக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது.

துண்டுகளையும் பச்சை அட்டையையும் மேசையில் வைத்தாள்.

செங்கமலம் அவற்றைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். "உனக்குத் தலவலின்னு நேத்து எழுதுனேனே," என்றார்.

"ஆமா சிஸ்டர்."

"செல்வலட்சுமிக்கு? இவங்களுக்கெல்லாம்?"

"யாரு இன்னான்னு வேணாம் சிஸ்டர். எத்தினின்னு மட்டும் கேளுங்க."

செங்கமலம் நோட்டை மூடினார். "நேத்து மத்தியானத்துலேந்து சொல்லும்மா. பேரு வேணாம். நேரம் மட்டும் சொல்லு."

பூமாரி விரல்விட்டு எண்ணினாள். சளி மாத்திரை நேற்று மதியம் ஒன்று, இரவு ஒன்று, காலையில் ஒன்று. இங்கே வாங்கியது நேற்று இரண்டு, இன்று நான்கு. அறையில் கூட இருப்பவளிடம் வாங்கி, படுக்கும்போது ஒன்று, எழுந்ததும் ஒன்று. பத்து விரல் போதவில்லை. பதினொன்று.

"ஒரே காச்சல் மருந்து, பதினொண்ணு," என்று திருப்பிச் சொன்னார் செங்கமலம். "ரெண்டு நாளா வயத்துல சோறும் இல்ல."

"ஆனா இப்ப ஒண்ணும் செய்யல சிஸ்டர். காச்சல்கூட இல்ல."

"இப்ப ஒண்ணும் செய்யாதும்மா. அதான் இதுல பயம். கல்லீரல் கெட்டாலும் ரெண்டு நாளைக்கு வெளில காட்டிக்காது. காட்டுறப்ப நேரம் போயிருக்கும். இன்னிக்கே ரத்தம் எடுத்துப் பாக்கணும். சீக்கிரம் போனா மாத்து மருந்து கீது." "நான் ஒவ்வொருத்தரையும் கேட்டேனே!"

"கேட்டீங்க சிஸ்டர். நாங்களும் நெசந்தான் சொன்னோம்."

கம்பெனி வண்டியை வரச்சொல்லிவிட்டுச் செங்கமலம் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார். பூமாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பேர எழுதாதீங்க சிஸ்டர். நான் பஸ்ல போய்க்கிடுதேன்."

"சீட்டு இல்லாம கேட்டத் தாண்டி உடமாட்டாங்கம்மா. சீட்டுல பேர் வேணும்."

"எம் பேர எழுதுங்க," என்றாள் சசிரேகா. "எனுக்கு வாந்தின்னு எழுதுங்க. துணைக்கு இவ வரான்னு போட்டுடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. செங்கமலம் நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்ததுபோலத் தெரியவில்லை.

"சரி. அங்க ரத்தம் யாரோடத எடுப்பாங்க?"

செங்கமலம் எழுதினார். பூமாரி, பதினேழு. பிறகு நோட்டிலும் எழுதினார். மூன்றாவது முறை.

வண்டியில் ஏறும்போது பூமாரி ஒன்று சொன்னாள். "நீங்கதானக்கா மொதல்ல வாங்கிட்டு வந்தீங்க. நீங்களே காட்டியும் குடுத்துட்டீங்க." இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், குளுக்கோஸோடு மாற்று மருந்தும் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் பரிசோதனையில் கல்லீரல் லேசாகத் தொந்தரவு காட்டியது, நான்காம் நாள் இறங்கிவிட்டது. சரியான நேரத்தில் வந்தாள் என்று அங்கிருந்த டாக்டர் செங்கமலத்திடம் சொன்னாராம். செங்கமலம் அதைச் சசிரேகாவிடம் சொன்னார். சசிரேகா தலையாட்டினாள். சிஸ்டரின் கேள்வியைத் தானே பூமாரியிடம் சரியான நேரத்தில் கேட்டிருந்தால் அந்த வண்டியே வேண்டியிருந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

வரிசையை நிறுத்தியதற்கு அவளுக்கு மெமோ வந்தது. பூமாரியின் பயிற்சி ஆறு மாதம் நீண்டது. முதலுதவி அறைச் சுவரில் புது அறிவிப்பு ஒட்டினார்கள்: மாத்திரையை அங்கேயே விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். மூன்றுமுறை விதி அப்படியே இருந்தது. இருந்த ஒரு வழியும் அடைபட்டது, வேறு வழி திறக்கவில்லை. காய்ச்சல் வந்தவர்கள் வெளியே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

"இப்போ வாயத் தொறந்து வேற காட்டணுமாம்," என்றாள் செல்வலட்சுமி, சசிரேகாவின் காதில் விழும்படி. "வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா இவ்ளோ வருமா?" அன்றிலிருந்து பாதிப் பேர் அவளிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசுவதில்லை. ஆனால் கை தூக்காமல் இருக்க முடியாது. தூக்கினால் அவள்தான் வர வேண்டும்.

பூமாரி பொங்கல் கழித்து வேலைக்குத் திரும்பினாள். மூன்று நாள் கை தூக்கவே இல்லை. உதடு காய்ந்திருந்ததைப் பார்த்து, இவளும் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள் என்று சசிரேகா தெரிந்துகொண்டாள்.

நான்காம் நாள் பத்தரை மணிக்குப் பதினேழாம் இடத்தில் கை உயர்ந்தது. சசிரேகா போனாள். பூமாரி நகரவில்லை. இருமினாள். கிளிப் பெட்டியிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து நீட்டினாள். வெட்டாத முழு அட்டைகள்.

"வெட்டாத அட்டையாக் கேட்டு வாங்குனேன்," என்றாள், முகத்தைப் பார்க்காமல். "ஒண்ணு டாக்டர் எழுதுனது. ஒண்ணு ரூம்ல குடுத்தது. ரெண்டுலயும் அந்தக் காச்சல் மருந்து இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

பலகை வந்துகொண்டிருந்தது. சசிரேகா அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். எழுத்தெழுத்தாக விரலை நகர்த்தினாள். அவசரப்படவில்லை.

"கீது. ரெண்டுலயும் கீது. டாக்டர் குடுத்தத மட்டும் போடு, அவர் சொன்ன நேரத்துல. இன்னொண்ண திருப்பிக் குடுத்துடு."

"அவ கோச்சுக்கிடுவா."

"கோச்சிக்கட்டும்."

பூமாரி அட்டைகளை வாங்கி ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டாள். போகவா வேண்டாமா என்பதுபோல ஒரு நொடி நின்றாள். பலகை சசிரேகாவின் இடுப்பை வந்து தொட்டது. அவள் வெள்ளைக் கிளிப்புக்காகப் பெட்டியில் கையை விட்டாள்.

"போ," என்றாள். "போயி தண்ணி குடிச்சிட்டு வா. நான் நிக்கிறேன்."